பி-க்கும் எஸ்-க்கும் நடுவே ஒரு முகூர்த்தம்

ஐலைனர் பென்சில் என் வலது கண்ணின் ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தபோது மைசூர் ஒரு தும்மல் போட்டது.

காலுக்கடியில் 'டம்' என்று ஒரு குத்து. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண், "மேடம், அல்லாடபேடி" என்று என்னை அதட்டினாள். ஆடாதே என்று எனக்கு உத்தரவு! நான் எங்கே ஆடினேன்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலி, நிலைக்கண்ணாடி, கொக்கியில் தொங்கிய பட்டுப்புடவை, நாங்கள் இரண்டு பேர், எல்லோரும் சேர்ந்து இடமும் வலமுமாக ஆடினோம். பென்சில் கண்ணிலிருந்து காது வரைக்கும் பயணம் போய்விட்டது.

ஆட்டம் சட்டென்று அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் நெளிநெளியாக ஒரு கருங்கோடு. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் வருஷக்கணக்காக மாணவர்களுக்கு நான் காட்டிவரும் நிலநடுக்கப் பதிவுக் கோடு அது. அவர்களுக்குக் காகிதத்தில் வரும், எனக்கு மூஞ்சியில் வந்திருந்தது.

மறுநாள் காலை எனக்குக் கல்யாணம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ராமாபுரத்து மக்காச்சோளக் காட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "காடு கழனியெல்லாம் இருக்கட்டும், உங்கள் கல்யாணத்தை எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதோ எழுதிவிட்டேன் அம்மா. ஆனால் இதில் புடவை, நகை விவரமெல்லாம் குறைவுதான். அலைகள்தான் அதிகம்.

'தள்ளி' என்ற சொல்

அந்தச் சாயங்காலம் எனக்கு என்ன பயம் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய இரண்டு கதைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதல் சம்பந்தம் கொள்ளேகாலில். நிச்சயம் முடிந்து பத்திரிகை அடிக்கக் கொடுத்த சமயம், மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டார். "மூணு மாசம் தள்ளி வைப்போங்க" என்றார்கள். நியாயம்தானே என்று நாங்களும் தலையாட்டினோம். மூன்றாவது மாசம் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இரண்டாவது பெங்களூரு. தட்டு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. சகுனம் சரியில்லையாம். "கொஞ்ச நாள் தள்ளிப் போகட்டும்." அந்தக் கொஞ்ச நாள் இன்றைக்கும் முடியவில்லை.

வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் ஒரு மூச்சு அழுது தீர்த்துவிடலாம். தள்ளி வைப்போம் என்றால் அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது, போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முப்பதைத் தாண்டிய எனக்கு, பஸ்ஸில் யாராவது 'தள்ளி உக்காருங்க' என்றாலும் பயம்தான்.

நவீன் அதற்கப்புறம் வந்தவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எங்கள் கல்லூரி லிஃப்டில் மாட்டிக்கொண்ட என்னைக் கதவைப் பிளந்து வெளியே இழுத்தார். வெளியே வந்ததும் நான் நன்றி சொல்லவில்லை, இவ்வளவு நேரமா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அது அவருக்குப் பிடித்துப் போய்விட்டதாம். மனிதர் ரகம் ரகமாக இருக்கிறார்கள்.

பாதி உண்மை

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். மைசூரில் அதைச் 'சத்ரா' என்போம். ரிங் ரோட்டை ஒட்டிய ஒற்றை மாடிச் சத்ரா. கீழே மணமேடையும் பந்திக் கூடமும், மாடியில் தங்கும் அறைகள், ஏறிப் போக ஒரு சின்ன லிஃப்ட். வரவேற்பு தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆட்டம் நின்றதும் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள், பேசினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பவும் உள்ளே வந்தார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம்தான் அந்தக் குரல் செய்தி வந்தது. யார் பேசியது, எங்கிருந்து பேசியது, ஒன்றும் தெரியாது. கனமான ஆண் குரல்.

"இப்போ வந்தது பி அலை. இது சின்னது. இதுக்குப் பின்னாடி எஸ் அலை வரும். வீட்டை இடிக்கிறது எஸ்தான். நாளைக் காலைல ஒன்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள எஸ் மைசூருக்கு வந்து சேரும். யாரும் கட்டடத்துக்குள்ள இருக்காதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

எல்லோருக்கும் அனுப்பினார்கள். ஒரே மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

என் முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை.

சுத்தப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் சிரித்திருப்பார். இது பாதி உண்மை. நிலநடுக்கத்தில் முதலில் பி, அப்புறம் எஸ், எஸ்தான் அதிகம் ஆட்டும் என்று என் மாணவர்கள் பரீட்சையில் எழுதினால் நானே மார்க் போடுவேன். மிச்சப் பாதியில்தான் விஷம் இருந்தது.

எஸ் அலைக்கு நல்ல நேரம்

நவீனுக்கு அப்பா இல்லை. அவரை வளர்த்தது அவருடைய பெரியப்பா மாதப்பன், குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அந்தப் பக்கத்தில் பெரியப்பாவைத் 'தொட்டப்பா' என்பார்கள். எல்லோருக்கும் அவர் தொட்டப்பாதான், எனக்கும். அந்த வீட்டில் அவர் தலையசைக்காமல் அடுப்பில் பால்கூட வைக்கமாட்டார்கள். நல்ல மனிதர். ஆனால் நவீனுக்கு ஒரு தும்மல் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அந்தத் தொட்டப்பா செய்தியை இரண்டு தடவை கேட்டார். நேரே ஐயரிடம் போனார்.

"சாமி, நாளைக்கு எஸ் போனதுக்கு அப்பறமா ஒரு முகூர்த்தம் பாருங்க. மத்தியானமா இருந்தாலும் பரவால்ல."

ராகு காலம் கழியட்டும் என்பது போல எஸ் கழியட்டும் என்கிறார்! ஐயரும் சிரிக்காமல் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறார். நாளைக்கு ஒன்பது மணியை விட்டால் வேறு முகூர்த்தம் கிடையாது, அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது, இனி ஆவணிதான் என்று சொல்லிவிட்டார்.

"ஹாகாத்ரே ஆவணிக்கே வெச்சுக்கலாம்" என்றாராம் தொட்டப்பா. அப்படியானால் ஆவணிக்கு. முடிந்தது.

இதை என்னிடம் சொல்ல அப்பா மாடி அறைக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"அம்மிணி... மாப்ள வூட்டுல, ஆவணிக்குத் தள்ளிப் போட்டுக்கலாங்கறாங்க கண்ணு."

தள்ளி! எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு கண் அலங்காரம், ஒரு கண் வெறுமை, கன்னத்தில் பாதி துடைத்த கோடு. அப்படியே எழுந்தேன்.

"எங்க கண்ணு போற? பொண்ணு பந்தியில எல்லாம் போயி நிக்கக் கூடாது."

"நிக்கலீங்ப்பா. பாடம் எடுக்கப் போறேன்."

வேட்டியில் இருந்த எஸ்

பந்திக் கூடத்தில் எதிரெதிராக இரண்டு நீள வரிசை மேஜை. காகிதம் விரித்தாகிவிட்டது, இலைதான் போடவில்லை. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரிலிருந்து வந்த இரண்டு குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தது. நடுவில் தொட்டப்பா.

நான் நுழைந்ததும் கூடமே என் பக்கம் திரும்பியது. என் மூஞ்சி அப்படி.

"தொட்டப்பா, ஆறு மணிக்கு நிலம் ஆடினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்ம்மா. காபி குடிச்சிட்டிருந்தேன்."

"முதல்ல என்ன ஆச்சு?"

"அடியிலேர்ந்து ஒரு குத்து. டம்ளர் துள்ளிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பக்கவாட்டுல ஆடிச்சல்லவா! காபியெல்லாம் வேட்டில கொட்டிப் போச்சு, பாரு." வெள்ளை வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"டம்ளர் துள்ளினது பி. காபி கொட்டினது எஸ். உங்க வேட்டியில இருக்கே தொட்டப்பா, அதுதான் எஸ்! வந்தாச்சு, போயாச்சு!"

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். தொட்டப்பா சிரிக்கவில்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஐந்து நிமிஷம் என்றார் ஒரு சித்தப்பா! மூலையில் உட்கார்ந்திருந்த தவில்காரர்தான் தொண்டையைச் செருமினார். "நாங்க ஆதி தாளத்துல வாசிச்சுப் பாத்துட்டிருந்தோம்மா. ஆவர்த்தனம் ஆரம்பிக்கறப்ப டம்முன்னு கேட்டுச்சு. எட்டு எண்ணிக்கை முடியறதுக்கும் ஆட்டம் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு." கையைத் தட்டிக் காட்டினார். ஐந்தாறு விநாடி வந்தது.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பி-க்கும் எஸ்-க்கும் ஒரு விநாடி இடைவெளி என்றால் நிலம் உடைந்த இடம் சுமார் எட்டு கிலோமீட்டர் தூரம். ஐந்தாறு விநாடி என்றால் நாற்பது சொச்சம். எந்தத் திசையில் என்று ஒரே ஊரிலிருந்து சொல்ல முடியாது, அதற்கு மூன்று ஊர்க் கணக்கு வேண்டும். திசையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

சம்பந்திகளின் ஓட்டப் பந்தயம்

"சரிம்மா, அது சின்ன எஸ்" என்றார் தொட்டப்பா. "பெருசு பின்னாடி மெதுவா வருதுன்னு சொல்றாங்களே. அதுக்கென்ன?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"எல்லாரும் எந்திரிங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த மேஜைப் பக்கம், எங்க வீட்டுக்காரங்க அந்தப் பக்கம். வரிசையா நில்லுங்க."

கல்யாண வீட்டில் போட்டி என்றால் சொல்லவா வேண்டும்? பையைத் தூக்கிய குடும்பங்கள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தன.

மாப்பிள்ளை வீட்டார் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கோடியில் இருப்பவர் பக்கத்துத் தோளை ஒரு இடி இடித்தால் போதும். அவர் அடுத்தவரை இடிப்பார், தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். அலை போகிற திசையிலேயே தள்ளித் தள்ளிப் போவது, அதுதான் பி. எங்கள் வீட்டார் கைகோத்து நின்றார்கள். முதல் ஆள் முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்தால் கோத்த கை அடுத்தவரை இழுக்கும், அவர் குனிவார். அலை ஒரு பக்கம் போக, ஆட்டம் அதற்குக் குறுக்கே. அது எஸ்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

பி ஒரே ஓட்டமாக ஓடிக் கடைசியில் நின்ற ஆளைத் தண்ணீர் டிரம் மேல் சாய்த்தது. எங்கள் எஸ் அப்போதுதான் பாதி வழியில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதுவும் முக்கால் தூரத்தில் நின்றே போய்விட்டது. பார்த்தால், ஐந்து நிமிஷச் சித்தப்பா போன் வந்தது என்று கையை விட்டிருக்கிறார்!

"சித்தப்பா, நீங்கதான் தண்ணி" என்றேன். "கையைப் புடிச்சிருந்தாத்தான் எஸ் போகும். தண்ணியில ஒண்ணு இன்னொண்ணோட கையைப் புடிக்கறதில்ல, அதனால எஸ் அங்க நின்னுரும். பூமிக்கு உள்ள ஆழத்துல இரும்பு உருகிக் கிடக்குதே, அதுலயும் போகாது. பி மட்டும் இடிச்சுகிட்டே போயிரும்."

"அதெல்லாம் இருக்கட்டும், நம்மள எதுக்கு கண்ணு எஸ்ஸுல போட்ட? தோத்துப் போயிட்டமே" என்றார் அப்பா. கூடமே சிரித்தது. துண்டு அவர் தோளுக்குத் திரும்பியிருந்ததைக் கவனித்தேன்.

நிலத்தின் மேல்தோலோடு ஓடும் அலைகள் இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்று பாம்பு போகிற மாதிரி பக்கவாட்டில் நெளியும். இன்னொன்று ஏரித் தண்ணீர் போல உருண்டு எழுந்து இறங்கும். எஸ்ஸுக்கும் பின்னால் வருபவை இவை. தொட்டப்பாவின் காபியில் இவற்றுக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பசியோடு நிற்கும் பந்திக்கு இரண்டு அலை போதும் என்று விட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா தொட்டப்பா? எஸ் மெதுவுதான். எதைவிட மெதுவு? பி-யை விட. பாறைக்குள்ள பி ஒரு விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும். எஸ் மூணரை ஓடும். குண்டலுபேட்டையிலேர்ந்து நீங்க பஸ்ல வர ஒன்றரை மணி நேரம். பி பத்து விநாடில வந்துரும், எஸ் பதினேழு பதினெட்டுல. ரெண்டும் ஒண்ணாத்தான் கிளம்பும். இன்னிக்கு சாயங்காலம் கிளம்பின எஸ் நாளைக் காலைல ஒன்பதுக்கு வரணும்னா, அது பூமியை நாலு தடவைக்கு மேல சுத்திட்டு வரணும். அதுக்கென்ன, பிரதட்சிணமா?"

இப்போது தொட்டப்பாவே சிரித்துவிட்டார். சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

உத்தரவாதம்

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அவர் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நாளைக்கு ஆடவே ஆடாதுன்னு நீ உறுதி சொல்றியா? இவன் என் தம்பி விட்டுட்டுப் போன புள்ள."

ஆடாது என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அது பொய். அந்தக் குரல் செய்தி ஆசாமிக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

"சொல்ல மாட்டேன் தொட்டப்பா. பெரிய ஆட்டத்துக்குப் பின்னால சின்னதா இன்னொண்ணு வரலாம், வராமலும் போகலாம். நாள், நேரம் குறிச்சு யாராலயும் சொல்ல முடியாது. வந்தா முதல்ல பி குத்தும். இதே இடத்துலேர்ந்து வந்தா, அப்புறம் ஒரு ஆவர்த்தன நேரம் கையில இருக்கும். மேஜைக்கு அடியில புகுந்துக்கலாம்." மூச்சு வாங்கியது எனக்கு. "ஆவணியில ஆடாதுன்னு யாரு உறுதி சொல்றாங்க?"

அப்பாவின் கை மறுபடி துண்டுக்குப் போனது. ஒளிப்பானேன்? மூன்றாவது தடவையும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

தொட்டப்பா நவீனைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

நவீன் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார். எங்கள் வரிசைக்கு வந்து, சித்தப்பா விட்ட இடைவெளியில் நின்று, இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு யாரும் லிஃப்ட்ல ஏற வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க தொட்டப்பா. மத்ததெல்லாம் ஒன்பதுக்கே."

தொட்டப்பா சமையல்காரர் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார்: "இலையைப் போடப்பா! எவ்வளவு நேரம் நிக்கறது?"

நான் மாடிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, ஓவென்று அழுதேன். வரைந்த ஒரு கண்ணும் கரைந்து போயிற்று. அந்தப் பெண் பென்சிலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கெட்டி மேளம்

காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. செய்தியைப் பார்த்துப் பயந்தவர்களும் வந்திருந்தார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க. தொட்டப்பா அதே காபி வேட்டியைக் கட்டியிருந்தார். மாற்றுவதற்கு வேறு இருந்தும் வேண்டுமென்றே கட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கறையைக் காட்டி, "இதுதான் எஸ்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஐயர் தாலியை எடுத்து நவீன் கையில் கொடுத்தார். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" நவீனின் விரல்கள் என் கழுத்துக்குப் பின்னால் வந்தன.

'டம்.'

முந்தின நாள் அளவுக்கு இல்லை. ஆனால் குங்குமச் சிமிழ் தட்டில் ஒரு துள்ளு துள்ளியது. மேளம் நின்றது. ஐயரின் வாய் திறந்தபடி நின்றது. நவீனின் கை என் கழுத்தில் உறைந்துவிட்டது.

"பி!" என்று ஒரு குரல் வெடித்தது. தொட்டப்பா! "இது பி-டா மகனே! கட்டு! எஸ் வர்றதுக்குள்ள கட்டு! தவிலு, அடிய்யா!"

தவில் இடி மாதிரி விழுந்தது. மண்டபமே கைதட்டி எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு என்று நவீன் முதல் முடிச்சைப் போட்டார். அவருடைய தங்கை ரம்யா பாய்ந்து வந்து இரண்டாவதைப் போட்டாள். ஆறு, ஏழு என்று கூட்டம் கத்த, மூன்றாவதை இறுக்கினாள். "எட்டு!"

தோரணங்கள் இடமும் வலமுமாக மெல்ல ஆடின. மணமேடைச் சாமந்திச் சரங்கள் ஆடின.

"எஸ்ஸு!" என்று மண்டபம் முழுக்கக் கூவியது. பயந்த கூச்சல் இல்லை அது, மைதானத்தில் சிக்சர் விழுந்தால் எழும் கூச்சல். அட்சதை மழையாகக் கொட்டியது. அப்பா துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார். தவில்காரர் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஆவர்த்தனம், பிசகவில்லை.

அட்சதை எல்லாம் உதிர்ந்து முடிந்தபோது தொட்டப்பா மேடையேறி வந்து, கலங்கிய கண்ணோடு என் தலையில் கை வைத்தார்.

"ஆய்த்தும்மா" என்றார். முடிந்தது என்று.

ஆமாம், முடிந்தது. என் கல்யாணம் தள்ளிப் போகவில்லை. எஸ்தான் ஒரு ஆவர்த்தனம் தாமதமாக வந்து சேர்ந்தது.